லேபிள் இல்லாத டப்பா

ஹைதராபாத் கச்சிபௌலியின் கேட்டட் கம்யூனிட்டிகளில் காலை நடை போகிற எவரும் இதைப் பார்த்திருப்பார்கள். புல்வெளி ஓரம் தோட்டக்காரர் முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு நிற்பார். காலருகே இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில், அதில் பாதி அளவுக்குக் கலங்கலாக ஏதோ ஒன்று. என்ன மருந்து என்று கேட்டால் களைக்கு என்பார், இல்லையென்றால் பூச்சிக்கு என்பார். பெயர் அவருக்குத் தெரியாது. சூப்பர்வைசர் ஊற்றிக் கொடுத்தது. சூப்பர்வைசரைக் கேட்டால் ஏஜென்சிக்காரர் கொண்டுவந்தது என்பார். மாலையில் அதே புல்லில் குழந்தைகள் செருப்பில்லாமல் ஓடுவார்கள்.

உணவு, தோட்டம், மருந்து ஆகிய மூன்று வழிகளில் நம் உடம்புக்குள் வரும் ரசாயனங்களைப் பற்றியது இந்த அத்தியாயம். மூன்றுக்கும் சேர்த்து நான் வலியுறுத்துவது ஒரே விதி: தன் சொந்த லேபிளோடு வராத எந்த மருந்தையும் வீட்டுக்குள்ளோ வளாகத்துக்குள்ளோ விடாதீர்கள். ஒரு ரசாயனம் எவ்வளவு போகிறது, யாருடைய உடம்புக்குள் போகிறது, எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் கெடுதல் அமையும். பெயரே தெரியாதபோது இவற்றில் எதையும் கணக்கிட முடியாது. ஆபத்து என்று ஓடினாலும், எதற்கு மாற்றுமருந்து கொடுப்பது என்று டாக்டருக்குத் தெரியாது.

மிகையாகப் பேசுகிறேன் என்று தோன்றினால் பிகாரின் கண்டாமன் கிராமத்தை நினைத்துப் பாருங்கள். 2013 ஜூலை 16 அன்று அங்கே பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. பூச்சிமருந்து இருந்த டப்பாவில் எண்ணெயை வைத்திருந்ததுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. எண்ணெய் சரியில்லை என்று சமைத்த பெண்ணே சொல்லியிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை.

புல்வெளியும் தோட்டமும்

இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு பூச்சிமருந்து, களைக்கொல்லி டப்பாவிலும் சாய்சதுரக் குறி ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கடும் நஞ்சு. மேலே மண்டையோடும் இருக்கும். மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நஞ்சு. படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று 1971-ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகளில் வைத்த ஏற்பாடு இது. குளிர்பான பாட்டிலுக்கு மருந்தை மாற்றி ஊற்றிய அந்த நிமிடமே இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. குடியிருப்பு வளாகத்துக்குள் சிவப்பும் மஞ்சளும் வரவே கூடாது என்பது என் கருத்து. வீட்டுத் தோட்டத்தில் அவ்வளவு வீரியம் தேவைப்படும் பிரச்சினை எதுவும் கிடையாது.

களைக்கொல்லிகளில் அதிகம் புழங்குவது கிளைபோசேட். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 மார்ச்சில் இதை ‘மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற வகையில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அப்படிச் சேர்க்கவில்லை. 2018-இல் பள்ளி மைதானங்களில் இந்த மருந்தைத் தெளித்துவந்த ஒரு பணியாளருக்கு சான்பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் பெரும் இழப்பீடு தீர்ப்பானது. விஞ்ஞானிகளுக்கிடையே விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் நமக்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலமாகத் தவிர வேறு யாரும் கிளைபோசேட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. ஆகவே உங்கள் தோட்டக்காரர் கையில் அது இருக்கவே கூடாது.

அசோசியேஷனில் இதைப் பேசும்போது குழந்தைகளை மட்டும் முன்னிறுத்தாதீர்கள். முதலில் பாதிக்கப்படுவது தெளிக்கிறவர்தான். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெறுங்கையால் கலந்து, முகக்கவசம் இல்லாமல் அடித்து, ஊறிய சட்டையோடே வீட்டுக்குப் போன மனிதர்கள். நம் வளாகத்தில் மருந்தடிப்பவரும் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறார். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் வாங்கும் சங்கம் அவருக்குக் கையுறை, பூட்ஸ், முகக்கவசம், குளிக்க ஓர் இடம், சோப்பு ஆகியவற்றைக் கொடுத்தே ஆக வேண்டும். இதில் பேரத்துக்கு இடமில்லை.

இங்கே தோட்ட வேலை செய்பவர்களில் பலர் தெலுங்கு பேசுகிறவர்கள். இந்த இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ‘ஈ மந்து பேரு ஏமிட்டண்டி? டப்பா சூபிஞ்சண்டி.’ இந்த மருந்தின் பெயர் என்ன, டப்பாவைக் காட்டுங்கள் என்று பொருள். அதட்டிக் கேட்காதீர்கள். அவர் கையில் திணிக்கப்பட்டதைத்தான் அவர் அடிக்கிறார்.

களைக்கு மருந்தில்லாமலே வழி உண்டு: கோரைப்புல்லை மழை பெய்த மறுநாள் கிழங்கோடு கிளறி எடுப்பதுதான் நிலைத்த தீர்வு. கூலி கொஞ்சம் கூடும், கொடுக்கலாம். மருந்தடித்தே தீர வேண்டும் என்றால் முந்தைய நாளே அறிவிப்புப் பலகை வைத்து, லேபிளில் சொன்ன நேரம்வரை அந்த இடத்தைக் கயிறு கட்டி மூடச் சொல்லுங்கள். நேரம் போடவில்லையென்றால் ஒரு முழு நாள். காற்று வீசும்போது தெளிக்கவே கூடாது. இன்னொன்று: பெரிய வளாகங்களில் புல்லுக்குப் போவது சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர். தோட்டக் குழாய்கள் ஒவ்வொன்றிலும் ‘குடிக்கக் கூடாது’ என்று தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். விளையாடிவிட்டு வரும் பிள்ளைகள் வாய் வைப்பது அந்தக் குழாயில்தான்.

கரப்பான், எலி, அந்துருண்டை

சென்னையை அடுத்த குன்றத்தூரில் 2024 நவம்பரில் நடந்ததை அடுக்ககத்தில் வாழும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பெஸ்ட் கன்ட்ரோல்காரர்கள் வந்து எலி மருந்து வைத்துவிட்டுப் போன வீட்டில், ஏசியைப் போட்டுத் தூங்கிய குடும்பத்தின் இரண்டு குழந்தைகளும் இறந்துபோனார்கள். பெற்றோர் உயிருக்குப் போராடினார்கள். யாரும் எதையும் விழுங்கவில்லை.

எலிக்கும் அரிசி மூட்டைக்கும் வைக்கும் சில மருந்துகளிலிருந்து வாயு வரும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயுவை வெளிவிடும். அதற்கென்று தனி மாற்றுமருந்து கிடையாது. பொதுமக்களுக்கு அதை விற்கவும் கூடாது. ஊரிலிருந்து மூட்டையாக அரிசி வரவழைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த மூட்டையில் போட என்று யாராவது மாத்திரை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூடிய ஃபிளாட்டில் அது படுக்கையறைவரை வரும். காய்ந்த வேப்பிலை, வரமிளகாய், நல்ல வெயில், இவை போதும். அதற்கும் அடங்காவிட்டால் சிறிய பைகளாக வாங்குங்கள்.

பெஸ்ட் கன்ட்ரோலுக்கு ஆள் வரும்போது மருந்தின் பெயர், எந்த அறையில் எவ்வளவு வைத்தார்கள், எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்பவரை வேலை தொடங்கும் முன்பே அனுப்பிவிடலாம். கரப்பானுக்கு ஸ்பிரே தேவையே இல்லை. அலமாரி இடுக்குகளில் புள்ளி புள்ளியாக வைக்கும் ஜெல் போதும், காற்றில் கலக்காது. டைக்ளோர்வாஸ், போரேட் என்ற பூச்சிமருந்துகள் இரண்டும் 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் முழுமையாகத் தடை செய்யப்பட்டவை. பழைய இருப்பு என்று எவராவது கொண்டுவந்தால் ஏற்காதீர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் கல்லீரலை அழிக்கும்; தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்திருக்கிறது. அந்துருண்டையைக் கைக்குழந்தையின் துணிகளோடு வைக்கும் வழக்கத்தையும் விடுங்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அதன் வாடையே ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரிந்திருக்காது.

சமையலறை

முதலில் ஒரு பயத்தைக் களைய வேண்டும். பூச்சிமருந்துக்குப் பயந்து காய்கறியைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய நஷ்டம். ஹைதராபாத்தின் தார்நாகாவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறியும் கீரையும், 100 கிராம் பழமும் வேண்டும். நம்மில் பெரும்பாலோர் அதில் பாதிகூடச் சாப்பிடுவதில்லை. கழுவிச் சாப்பிடுங்கள். சாப்பிடாமல் விடாதீர்கள்.

எப்படிக் கழுவுவது? ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் கல்லுப்பு கரைத்துக் காய்களை அதில் அலசி, பிறகு ஓடும் நீரில் கழுவினால் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மருந்தில் பெரும்பகுதி போய்விடும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறை இது. ஆப்பிளுக்குச் சமையல் சோடா நல்லது. லிட்டருக்கு 10 கிராம் கரைத்துக் கால் மணி நேரம் ஊறவைத்தால் தோல்மேல் இருக்கும் சில மருந்துகள் நன்றாகவே நீங்குகின்றன என்று மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2017-இல் காட்டினார்கள். தோலுக்குள் ஊடுருவியதை எதனாலும் கழுவ முடியாது என்பதையும் அவர்களே சொன்னார்கள். செடியின் சாறோடு கலந்து ஏறும் மருந்துகளுக்கும் இதே கதிதான். அதனால்தான் ஒரே காயை நாள்தோறும் சாப்பிடாமல் மாற்றி மாற்றிச் சாப்பிடுவது உண்மையான பாதுகாப்பு. கறிவேப்பிலைக்கு மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். அதிகமாக மருந்தடிக்கப்படும் இலை அது. துவையலுக்கும் பொடிக்கும் கைநிறையப் போடுகிறவர்கள் நாம். பால்கனியில் வெயில் படும் இடத்தில் ஒரு தொட்டி வையுங்கள்.

மஞ்சள்தூள் விஷயத்தில் ‘விரலி மஞ்சள் வாங்கி அரைத்தால் கலப்படமே இருக்காது’ என்ற நம்பிக்கை அரைகுறையானது. வங்கதேசத்தில் ஈயக் குரோமேட் சேர்க்கப்பட்டதே விரலி மஞ்சளுக்கு மெருகேற்றும் கட்டத்தில்தான். 2019-இல் அதை ஆராய்ச்சியாளர்கள் வெளிக்கொண்டு வந்தபின் அரசு கடுமையாக நடவடிக்கை எடுத்தது. 2021-க்குள் சந்தையில் அது ஏறக்குறைய ஒழிந்தது. செய்தால் முடியும் என்பதற்கு அது சான்று. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் குலைக்கும். ஒருமுறை போன திறன் திரும்பாது. ஆகவே கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக, கையில் தூள் ஒட்டும்படி இருக்கும் விரலியைத் தவிருங்கள். நிஜாமாபாத் மஞ்சளோ ஈரோட்டு மஞ்சளோ, மங்கலாக மண் நிறம் கொஞ்சம் தெரிவதே நல்லது. தூளாக வாங்கினால் ஒரு தேக்கரண்டி எடுத்துத் தண்ணீர் டம்ளரில் தூவிப் பாருங்கள். நல்ல தூள் அடியில் படிந்து, தண்ணீர் வெளிர் மஞ்சளாகும். சாயம் கலந்தது தண்ணீரை அடர் மஞ்சளாக்கும்.

மாம்பழப் பருவத்தில் பங்கனபள்ளி வந்து குவியும்போது கார்பைடு பேச்சும் கூடவே வரும். கால்சியம் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் எச்சங்கள் இருக்கலாம் என்பதால் 2011-ஆம் ஆண்டின் விதிகளிலேயே அது தடைப்பட்டது. 2015-இல் ஹைதராபாத் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த வழக்கை எடுத்து, அப்போது தனக்குக் கீழ் இருந்த இரு மாநில அரசுகளையும் உலுக்கியது. எத்திலீன் வாயு வேறு. காயே தனக்குள் சுரக்கும் பொருள் அது. 100 பிபிஎம் அளவுவரை அனுமதி உண்டு. பழத்தைப் பார்த்தே கார்பைடு என்று கண்டுபிடிக்கலாம் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. காயாக வாங்கி, வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்துப் பழுக்கவிடுங்கள்.

வெளியில் சாப்பிடும்போது செக்கச் செவேலென்ற சிக்கன் 65-ஐயும் கோபி மஞ்சூரியனையும் விலக்குங்கள். பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் அதைத் தடை செய்தன.

மருந்துப் பெட்டி

இங்கேதான் படித்தவர்கள் அதிகம் தவறுகிறார்கள். காய்ச்சலுக்கு ஒரு 650, ஜலதோஷத்துக்கு ஒரு மாத்திரை, உடம்புவலிக்கு இன்னொன்று என்று போடுகிறார்கள். மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கக்கூடும். ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் என்பது உச்சவரம்பு. 650 மாத்திரையில் ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். மதுப்பழக்கம் உள்ளவருக்கும் ஒல்லியானவருக்கும் வரம்பு இன்னும் கீழே. கல்லீரல் உடனே காட்டிக்கொடுக்காது. முதல் நாள் வாந்தி மட்டும் இருக்கும், பிறகு சரியானது போலத் தெரியும், இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் மஞ்சள் காமாலை வரும். மாற்றுமருந்து எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். எனவே அளவு மீறியது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் கிளம்புங்கள். அட்டையைத் திருப்பி, பெரிய எழுத்து பிராண்ட் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்கும் பழக்கம் ஒன்று வந்துவிட்டால் பாதி ஆபத்து நீங்கும்.

ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான் போன்றதும், கூடவே சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் முதுகுவலிக்கு டைக்ளோபினாக், ஐபுபுரோபென் வாங்கிப் போடவே கூடாது. ஹைதராபாத்தின் மே மாத வெயிலில் உடம்பு நீர் வற்றியிருக்கும்போது இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் சில நாட்களிலேயே பழுதாகலாம். ஊரிலிருந்து வந்து உங்களோடு தங்கும் அப்பா அம்மாவின் மாத்திரைகளை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். குழந்தைகளுக்கோ, நிமெசுலைடு என்ற காய்ச்சல், வலி மருந்து 12 வயதுக்குக் கீழ் 2011 முதல் தடை.

இருமல் சிரப் தனியாகப் பேச வேண்டியது. லேபிள் சரியாக இருந்தும் உள்ளே விஷம் இருந்த கதை அது. 2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு இருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வகம் கண்டறிந்தது. இருக்கக்கூடிய வரம்பு 0.1 விழுக்காடு. தெலங்கானாவும் அந்தத் தொகுதியை நிறுத்தச் சொல்லி உடனே எச்சரித்தது. இந்த விஷம் நமக்குப் புதிதல்ல. 1937-இல் அமெரிக்காவில், 1972-இல் சென்னையில், 1986-இல் மும்பையில், 2022-இல் காம்பியாவில் இதே பொருள் உயிர்களை வாங்கியிருக்கிறது. எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்தும் ஒவ்வொரு தொகுதி கரைப்பானையும் சோதிக்காமல் சிரப் காய்ச்சுவது மன்னிக்க முடியாத குற்றம்.

இதற்கு வீட்டில் செய்ய முடிந்தது ஒன்றுதான். இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி சிரப்பே வேண்டாம்; ஐந்து வயதுக்குக் கீழும் பொதுவாக வேண்டாம் என்கிறது மத்திய சுகாதாரத் துறை. அந்த வயதில் பெரும்பாலான இருமல் தானாகவே போகும். கொடுத்துவிட்டீர்கள், பிறகு வாந்தி வருகிறது, சிறுநீர் குறைகிறது என்றால் பாட்டிலோடு மருத்துவமனைக்குப் போங்கள். பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். சிந்துவாராவில் உண்மை வெளிவந்தது சிரப்பைச் சோதித்ததால்தான்.

மீந்த ஆன்டிபயாட்டிக்கை சிங்க்கில் கொட்டாதீர்கள். இந்த ஊரில் இருப்பவர்கள் இதைச் சொல்லிக்கொடுக்காமலே உணர வேண்டும். வெளிவட்டச் சாலையில் போனால் பட்டான்செரு தூரமில்லை. 2007-இல் சுவீடனைச் சேர்ந்த ஜோக்கிம் லார்சன் குழு அங்கே மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம்வரை சிப்ரோபிளாக்சசின் இருப்பதைக் கண்டது. மருந்து சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். அப்படிப்பட்ட நீரில் வளரும் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் பழகிக்கொள்ளும். ஆலைகள் செய்வதோடு ஒப்பிட்டால் நம் சிங்க் சிறியதுதான். ஆனாலும் 2025-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் உள்ள 17 வகை வலுவான மருந்துகளை மட்டுமே கழிப்பறையில் கொட்டலாம். தவறான கைக்குப் போகக் கூடாது என்பதால் அந்த விலக்கு. மற்றவற்றை வீட்டு அபாயக் கழிவாகத் தனியே கட்டிக் கொடுக்க வேண்டும்.

ஆபத்து வந்தால்

மோனோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிமருந்து பட்டவருக்குக் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். எச்சில், வியர்வை, கண்ணீர் பெருகும். வாந்தி, பேதி, மூச்சிரைப்பு, தசைத் துடிப்பு வரும். சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். நீங்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். விழுங்கியிருந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரல் விட்டோ வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போனால் இரட்டை ஆபத்து. வாயு என்று சந்தேகம் வந்தால் எல்லோரும் வீட்டைவிட்டு வெளியேறுங்கள். எதையாவது எடுக்க மறுபடி உள்ளே போகாதீர்கள். டப்பாவோடு அல்லது அதன் போட்டோவோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆம்புலன்சுக்கு 108. அந்தச் சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில்தான் தொடங்கியது. டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையம்: 1800 116 117. மருந்தால் ஒவ்வாமையோ பக்கவிளைவோ வந்தால் சொல்ல: 1800 180 3024. போலி மருந்து, சந்தேகமான சிரப் பற்றித் தெலங்கானா மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகத்துக்கு: 1800 599 6969.

இந்த எண்களை உங்கள் போனில் மட்டும் பதியாதீர்கள். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியின் போனிலும், வாட்ச்மேன், தோட்டக்காரர் போன்களிலும் இன்றே பதிந்து கொடுங்கள். நீங்கள் ஆபீஸில் இருக்கும் நேரத்தில் டப்பாவின் பக்கத்தில் இருப்பது அவர்கள்தான்.